நீரில் நஞ்சு கண்ட ஜான் ஸ்நோ

வாந்திபேதி என்னும் பெயரைக் கேட்ட அளவிலே நம் பாட்டன்மார் காலத்தில் ஊரெல்லாம் நடுங்கிற்று. காலையில் ஏர் பிடித்தவன் மாலையிற் பாடை ஏறுவான். அவனைச் சுமந்து சென்றவனும் மறுநாட் சுமக்கப்படுவான். 1817-ஆம் ஆண்டு வங்காளத்து ஜெஸ்ஸூரில் பெருகி எழுந்த அக்கொள்ளைநோய் மறு ஆண்டே சென்னை இராஜதானியை அடைந்தது. பின்னர் மற்றோர் அலையாய்க் கிளம்பி, ருஷியா வழியே ஐரோப்பாவிற் புகுந்து, 1831-இல் இங்கிலாந்தின் கரையையும் தொட்டது. நம்மவர் அதனை அம்மனின் சினம் என்று அஞ்சிப் பொங்கலிட்டனர். கற்றறிந்த ஆங்கில மருத்துவரோ, அழுகிய பொருள்களினின்று எழும் தீநாற்றக் காற்றே அதற்குக் காரணம் என்று உறுதியாய் நம்பினர். எவர் நம்பிக்கை உண்மைக்கு அணித்து என்று இப்போது ஆராய்வதிற் பயனில்லை. இரண்டினாலும் ஓர் உயிரும் பிழைத்ததாகத் தெரியவில்லை.

அந்நோய் நீரின் வழியாகவும் உணவின் வழியாகவும் வாய்க்குட் புகுகின்றது என்பதை, நோய்க்கிருமியைக் கண்ணாற் காணாமலே, வீடு வீடாய்ச் சென்று வினவியும் எண்ணியும் நிலைநாட்டியவர் ஒருவர் உளர். ஜான் ஸ்நோ என்னும் அவருடைய வரலாற்றை இத்திங்கள் நம் சங்கத்து அன்பர்க்கும் அவர்தம் இல்லத்தார்க்கும் எடுத்துரைக்கப் புகுந்தோம்.

இவர் 1813-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 15-ஆம் நாள், இங்கிலாந்தின் வடபால் உள்ள யார்க் நகரிற் பிறந்தார். தந்தையார் ஆற்றங்கரைக் கரிக்கிடங்கிற் கூலிவேலை செய்தவர். ஊஸ் என்னும் அவ்வாறு பெருகும்போதெல்லாம் அவர்கள் குடியிருந்த தாழ்ந்த தெருவினுள் வெள்ளம் புகும். ஒன்பது மக்களுள் ஸ்நோவே மூத்தவர். நிலமோ பொருளோ குடிப்பெருமையோ ஒன்றும் இல்லாத அவ்வீட்டிலிருந்து 14-ஆம் வயதில் நியூகாஸில் நகரத்து மருத்துவர் ஒருவரிடம் பணிப்பயிற்சிக்கு அனுப்பப்பட்டார். நம் சங்கத்தின் கல்விநிதியைக் குறித்து ஆண்டுதோறும் வாதாடுவோர் இச்செய்தியை ஒருமுறை உன்னுவாராக. கரிக்கிடங்குக் கூலியாளின் பிள்ளையே பின்னாளில் அந்நாட்டு அரசியின் படுக்கையருகே நின்று மருந்தளித்தவர்.

பதினேழாம் வயதில் புலாலுண்ணலை விடுத்தார், மதுவையும் விலக்கினார். அந்நாட்டில் அக்காலத்தில் இவ்விரண்டையும் விட்டவன் பித்தனென்றே கருதப்பட்டிருப்பான். 1831-இன் இறுதியில் வாந்திபேதி அப்பகுதியிற் பரவவே, இவருடைய ஆசிரியர் இவரைக் கில்லிங்வொர்த் என்னும் நிலக்கரிச் சுரங்கத்து ஊருக்கு அனுப்பினார். பதினெட்டு வயதுப் பிள்ளை தன்னந்தனியே நூற்றுக்கணக்கான நோயாளரைக் காணும்படி ஆயிற்று. சுரங்கத்தொழிலாளர் எட்டு ஒன்பது மணிநேரம் நிலத்தினடியே இருப்பர், உணவையும் உடன் கொண்டு செல்வர், மலங்கழிக்க அங்கே தனியிடம் கிடையாது, கைகழுவ நீரும் கிடையாது, அக்கையாலேயே உண்பர். இதனை அவர் மறந்திலர். இருபதாண்டு கழித்துத் தாம் எழுதிய நூலில், சுரங்கத்தாரை அந்நோய் பிறரினும் மிகுதியாகப் பற்றுவதற்கு இதனையே காரணமாகக் காட்டினார்.

1836-இல் மேற்கல்வியை நாடி லண்டனுக்குப் புறப்பட்டார். நேர்வழியில் வண்டியேறிச் செல்லாமல், லிவர்ப்பூல், வேல்ஸ் நாடு, பாத் நகரம் எனச் சுற்றிக்கொண்டு, பெரும்பாலும் நடந்தே சென்றார் என்பர். 1838-இல் அறுவை மருத்துவர் சங்கத்தில் உறுப்பினராகி, 1844-இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பேரறிஞர் பட்டத்தையும் பெற்று, ஸோஹோ என்னும் நெருக்கமான பகுதியிற் குடியமர்ந்தார். அவர் குரல் கரகரத்த குரல். மருத்துவர் கழகத்தில் அவர் எழுந்து பேசத் தொடங்கிய நாட்களில் ஒருவரும் செவிசாய்த்திலர். மறுமொழி சொல்வாரும் இல்லை. அவரோ ஒவ்வொரு வாரமும் சென்று அமர்ந்து, எழுந்து, பேசிக்கொண்டே வந்தார்.

அறுவை செய்யும்போது நோயாளியை உணர்விழக்கச் செய்யும் ஈதர், குளோரபாரம் என்னும் மருந்துகள் 1846, 1847-ஆம் ஆண்டுகளில் வழக்கிற்கு வந்தன. பலர் அவற்றைத் துணியில் நனைத்து மூக்கிற் பிடித்து, அளவறியாது உயிர்க்கேடு விளைத்தனர். ஸ்நோவோ எவ்வளவு வெப்பத்தில் எவ்வளவு ஆவி எழும் என்று கணக்கிட்டு, அளவோடு ஆவியைச் செலுத்தும் கருவியை அமைத்தார். 1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் விக்டோரியா அரசியார் லியோபோல்டு இளவரசரைப் பெற்றபோது குளோரபாரம் அளித்தவர் இவரே. 1857-இலும் அவ்வாறே அளித்தார். அவருடைய புகழும் பொருளும் இத்தொழிலால் வந்தவை. இது நம் கட்டுரைக்குப் புறம்பானதேனும் ஒன்று மட்டும் குறிக்கத்தக்கது. ஆவியின் இயல்பை அறிந்தவர் ஆதலின், ஓர் இடத்தே எழும் நாற்றக் காற்றுத் தொலைவு செல்லச் செல்ல நீர்த்துப்போகும் என்பதும், அது தெருவில் ஒரு வீட்டாரைக் கொன்று அடுத்த வீட்டாரை விட்டுவிடும் என்பது பொருந்தாது என்பதும் அவர்க்கு எளிதில் விளங்கியிருத்தல் வேண்டும்.

1848-இல் வாந்திபேதி மீண்டும் லண்டனுக்கு வந்தது. ஹாம்பர்க் துறைமுகத்தினின்று வந்த கப்பலில் இருந்த மாலுமி ஒருவன் ஓர் அறையில் தங்கி இறந்தான். அடுத்து அவ்வறையிற் குடிவந்தவனும் அந்நோய்க்கே ஆளானான். ஸ்நோ எண்ணிப் பார்த்தார். இந்நோய் காய்ச்சலில் தொடங்குவதில்லை, வயிற்றிலேயே தொடங்குகின்றது. ஆகவே, நஞ்சு மூச்சின் வழியே குருதியிற் கலப்பதன்று, விழுங்கப்படுவதே. நோயாளியைப் பார்த்துவிட்டு உடனே செல்லும் மருத்துவர்க்கு நோய் பெரும்பாலும் தொற்றுவதில்லை; படுக்கைத்துணி துவைப்பவளுக்கும், ஒரே அறையில் சமைத்து உண்டு உறங்கும் ஏழைக் குடும்பத்தார்க்கும் தொற்றுகின்றது. நோயாளியின் கழிவு நீர்நிலையிற் கலக்குமானால், ஏழை செல்வர் என்னும் வேறுபாடின்றி ஊரையே வாரிக்கொண்டு போகின்றது. லண்டனில் அடுத்தடுத்து இருந்த இரண்டு முடுக்குகளுள் ஒன்றில், வீட்டார் ஊற்றிய அழுக்குநீர் தங்கள் கிணற்றிலேயே கசிந்தது. அங்கே நோய் பேரழிவு செய்தது. பக்கத்து முடுக்கில் இறந்தவர் ஒருவரே. காற்று இரண்டிற்கும் பொதுவன்றோ? இவற்றையெல்லாம் தொகுத்து 1849-இல் சிறு நூலாக வெளியிட்டார். படித்தவர் சிலர்; ஒப்பியவர் அவரினும் சிலர். சான்று போதாது என்றனர். அவரும் அதனை மறுத்திலர். சான்று தேடவே புறப்பட்டார்.

அச்சான்று 1854-இல் இருவகையாகக் கிடைத்தது. தென் லண்டனில் இரண்டு கம்பெனிகள் வீடுகட்குக் குழாய்நீர் வழங்கிவந்தன. இரண்டும் தேம்ஸ் ஆற்றின் நீரையே நகரினுள் எடுத்துக் கொடுத்தன. நகரத்துச் சாக்கடைகளோ அவ்வாற்றிலேயே விழுந்தன. 1852-இல் லாம்பெத் கம்பெனியார் தம் நீரெடுக்கும் இடத்தை நகருக்கு மேற்றிசையில், சாக்கடை கலவாத தேம்ஸ் டிட்டன் என்னும் இடத்திற்கு மாற்றிக்கொண்டனர். சதர்க்கு-வாக்ஸ்ஹால் கம்பெனியாரோ பழைய இடத்திலேயே எடுத்துவந்தனர். இருவர் குழாய்களும் ஒரே தெருக்களில் ஓடின. ஒரு வீட்டிற்கு ஒருவர் நீர், அடுத்த வீட்டிற்கு மற்றவர் நீர். ஆண் பெண், ஏழை செல்வர் என எல்லாத் தரத்தினருமாய் 300,000 மக்கள், தாம் அறியாமலே இரு பிரிவாகப் பிரிந்து நின்றனர். வேண்டுமென்று எவரும் செய்யத் துணியாத சோதனை தானே நடந்துகொண்டிருந்ததை ஸ்நோ கண்டார்.

இறந்தவர் பட்டியலை ஜனன மரணப் பதிவு நிலையத்து வில்லியம் ஃபார் என்பவர் அளித்தார். ஸ்நோ அவ்வீடுகட்கெல்லாம் நடந்தார். தம் வீட்டிற்கு எந்தக் கம்பெனி நீர் வருகிறது என்பதே பலர்க்குத் தெரியாது. வரிசெலுத்துவோர் வேறெங்கோ வாழும் வீட்டுச் சொந்தக்காரர். அவர் அதற்கும் ஒரு வழி கண்டார். நகரத்தருகே ஆற்றிற் கடலின் உப்பு மிகுதி. மேற்றிசையில் மிகக் குறைவு. சிறு குப்பியில் நீரை வாங்கி, வெள்ளிநைட்ரேட்டைக் கலந்தால், உப்புநீர் பாற்போல் வெளுத்துவிடும். மற்றது சிறிதே மங்கும். இவ்வாறு ஆராய்ந்ததில், முதல் நான்கு வாரத்தில் இறந்த 334 பேருள் 286 பேர் சதர்க்கு-வாக்ஸ்ஹால் நீர் உண்ட வீட்டினர். லாம்பெத் நீர் உண்ட வீட்டினர் 14 பேரே. ஏழு வாரக் கணக்கைப் பத்தாயிரம் வீட்டிற்கு இத்தனை சாவென்று வகுத்தபோது, முன்னையது 315, பின்னையது 37 என வந்தது.

இவ்வேலையில் அவர் ஆழ்ந்திருந்தபோதே, அவர் வீட்டிற்கு அணித்தான ஸோஹோவில் ஆகஸ்டு 31-ஆம் நாளிரவு பேரிடி விழுந்தது. ப்ராட் தெருவையும் அதனைச் சூழ்ந்த சந்துகளையும் சேர்ந்தோர் மூன்று நாளில் 127 பேர் மாண்டனர். பத்து நாளில் 500-க்கு மேற்பட்டனர். இறுதிக் கணக்கு 616. ஒரு வாரத்திற்குள் முக்கால் பங்கினர் வீடுகளைப் பூட்டிவிட்டு ஓடினர். அத்தெருவில் ஊராரால் மிக விரும்பப்பட்ட கைப்பம்பு ஒன்று இருந்தது. அதன் நீர் தெளிவும் குளிர்ச்சியும் உடையதென்று தொலைவிலிருந்தும் வந்து எடுத்துச்செல்வர். ஸ்நோவின் ஐயம் அதன்மேற் சென்றது. ஆயினும் நீரை எடுத்துப் பார்த்தபோது ஐயுறத்தக்க மாசு பெரிதும் காணப்படவில்லை. நம்மனோர் ஆயின் அவ்விடத்தே கைவிட்டிருப்போம். அவர் பதிவு நிலையத்திற்குச் சென்று இறந்தவர் பெயரை எழுதிக்கொண்டு வந்தார்.

மூன்று நாளில் நேர்ந்த 83 சாவுகளைக் குறித்து வீடுதோறும் வினவினார். ஏறக்குறைய எல்லாரும் அப்பம்பிற்கு அருகே வாழ்ந்தவர். வேறொரு பம்பிற்கு அணித்தாய் இருந்த வீடுகளில் இறந்தவர் பத்தே பேர். அப்பத்தில் ஐவர் வீட்டார், அருகிலிருந்த நீரை விரும்பாமல் ப்ராட் தெரு நீரையே வருவித்து உண்டவர். மூவர், அப்பம்பைக் கடந்து பள்ளிக்குச் செல்லும் சிறு பிள்ளைகள். பம்பிற்கு அருகே இறந்த 73 பேருள் 61 பேர் அந்நீரை உண்டது உறுதியாயிற்று.

இவ்வளவில் ஒருவர் மனநிறைவு கொள்ளலாம். ஸ்நோவோ தம் கொள்கைக்கு மாறாகத் தோன்றியவற்றைத் தேடிச் சென்றார். அவருடைய பெருமையெல்லாம் இங்கேதான் இருக்கிறது என்பது எம் கருத்து. பம்பிற்கு அருகே 535 பேர் வாழ்ந்த ஏழையர் விடுதி ஒன்றிருந்தது. சுற்றிலும் பிணங்கள் விழ, அதனுள் இறந்தவர் ஐவரே. சென்று கேட்டார்: அவ்விடுதிக்குத் தனிக் கிணறு உண்டு, ப்ராட் தெருவிற்கு அவர்கள் ஆளனுப்பியதே இல்லை. அத்தெருவிலேயே பீர் காய்ச்சும் சாலை ஒன்று; அதில் 70-க்கு மேற்பட்ட தொழிலாளர். ஒருவரும் மாளவில்லை. அவர்கட்கு நாள்தோறும் இலவசமாய் மது கிடைத்தது. நீரை அவர்கள் தொடுவதில்லை. தொட்டாலும் சாலைக்கென்று வேறு கிணறு இருந்தது. நம்மிடம் பயிலும் பிள்ளைகட்கு இக்கதையைச் சொல்லுங்கால் இவ்விடத்தே தவறாமல் சிரிப்பெழும். மதுவை வெறுத்த ஒருவர்க்கு மதுச்சாலையே சான்று கூற நேர்ந்ததன்றோ! மாறாக, அதே தெருவில் இருந்த துப்பாக்கி வெடிமூடித் தொழிற்சாலையில், தொழிலாளர் பருக இரண்டு தொட்டிகளில் அப்பம்பு நீரே நிரப்பி வைக்கப்பட்டிருந்தது. அங்கு 18 பேர் மாண்டனர்.

எல்லாவற்றினும் வியப்பானது ஒரு கைம்பெண்ணின் சாவு. ஸோஹோவிற்குப் பல கல் தொலைவில், வாந்திபேதியே இல்லாத ஹாம்ஸ்டெட் என்னும் தூய காற்றுள்ள மேட்டுப்பகுதியில் ஒரு மூதாட்டி அந்நோயால் இறந்தார். அவர் ஸோஹோவிற்கு வந்து பல மாதம் ஆயிற்று. ஸ்நோ அவர் மக்களைக் கண்டு வினவினார். அவர்களே அவ்வெடிமூடித் தொழிற்சாலையின் உடையவர்கள். தாயார் முன்பு ப்ராட் தெருவில் வாழ்ந்தவர். அந்நீரின் சுவையை மறக்கமாட்டாதவர். ஆகவே நாள்தோறும் வண்டியில் ஒரு பெரிய புட்டி நீர் அவர்க்கு அனுப்பப்பட்டது. ஆகஸ்டு 31-இல் நிரப்பிய நீரை அவர் உண்டார். செப்டம்பர் 2-இல் மறைந்தார். அவரைக் காண வந்து அந்நீரை உண்ட உடன்பிறந்தார் மகளும், நோயே இல்லாத தம் ஊருக்குத் திரும்பி மாண்டாள். மக்கள் அன்பினால் அனுப்பிய நீர் அது. ஸ்நோ இதனைக் கேட்டபோது அம்மக்கள் முகத்தை எவ்வாறு நோக்கினாரோ, அறியோம்.

செப்டம்பர் 7-ஆம் நாள் மாலை அவ்வட்டாரத்து ஊர்ச்சபையார் கூடியிருந்த இடத்திற்குச் சென்று தாம் கண்டவற்றைச் சொன்னார். அவர்கள் அவர் கொள்கையை நம்பினர் என்பதற்கில்லை. வேறு வழியும் அவர்கட்கு இல்லை. மறுநாள் பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. அதனால் நோய் அக்கணமே நின்றது என்று சிலர் மிகைபடக் கூறுவர். உண்மை அதுவன்று, மக்கள் ஓடிவிட்டமையால் நோய் முன்னரே தணியத் தொடங்கிற்று என்பதை ஸ்நோவே தம் நூலில் ஒளியாமல் எழுதினார்.

இனி அவ்வட்டாரத்துத் திருச்சபையின் உதவிப் பாதிரியாராகிய ஹென்றி ஒயிட்ஹெட் என்பவரைக் கூறவேண்டும். முப்பது வயதும் நிரம்பாத இவர், அந்நாட்களில் ஒவ்வொரு வீட்டிலும் புகுந்து, இறப்பவர் அருகிருந்தவர். நீரே காரணம் என்பதை இவர் நம்பவில்லை. அது பொய்யென்று காட்டுவதற்காகவே ஆராய்ச்சியில் இறங்கினார். ஸ்நோ அறியாத ஏழைகளின் வீட்டுச் செய்தியெல்லாம் இவர்க்குத் தெரியும். ஓடியவர் இருக்குமிடமும் தெரியும். ஒரு வீட்டிற்கு நான்கைந்து முறையும் சென்று கேட்டார். கேட்கக் கேட்க, தாம் மறுக்கப் புகுந்த கொள்கையே வலுப்பெறுவதைக் கண்டார். கண்டதை மறைத்திலர்.

மறுஆண்டில் மரணப்பதிவைப் புரட்டுகையில், பம்பிற்கு எதிரேயிருந்த 40-ஆம் எண் வீட்டில் ஐந்து மாதக் குழந்தை ஒன்று செப்டம்பர் 2-இல் வயிற்றுப்போக்கால் இறந்ததாக இருந்தது அவர் கண்ணிற் பட்டது. நோய் தொடங்கிய நாளோ ஊரிற் கொள்ளைநோய் எழுவதற்கு முன். உடனே அக்குழந்தையின் தாயிடம் ஓடினார். குழந்தையின் அழுக்குத்துணிகளை நனைத்த நீரை வீட்டின் முன்புறத்து மலக்குழியில் ஊற்றியதாக அவள் சொன்னாள். தோண்டிப் பார்த்தனர். குழியின் செங்கற்சுவர் உளுத்திருந்தது. அதற்கும் பம்பின் கிணற்றிற்கும் இடையே மூன்றடியும் இல்லை. இடைமண் முழுதும் கசிவில் ஊறியிருந்தது. அவ்வளவோடும் முடியவில்லை. அக்குழந்தையின் தந்தை நோயுற்றது செப்டம்பர் 8-ஆம் நாள். கைப்பிடி கழற்றப்பட்ட அதே நாள். அவன் கழிவும் அக்குழியிலேயே ஊற்றப்பட்டது. பதினொரு நாளில் அவனும் இறந்தான். பம்பு இயங்கியிருக்குமாயின், வீடு திரும்பியவர்க்கெல்லாம் இரண்டாம் கேடு காத்திருந்தது.

ஸ்நோ தம் நூலை விரித்து 1855-இல் மீண்டும் வெளியிட்டார். ஒவ்வொரு சாவிற்கும் ஒரு கருங்கோடிட்டு வரைந்த தெருப்படம் அதில் உண்டு. பின்னர் வரைந்த மற்றொரு படத்தில், வேறெந்தப் பம்பினும் ப்ராட் தெருப் பம்பிற்கே நடைத்தொலைவு குறைந்த எல்லையையும் கோடிட்டுக் காட்டினார். பறவை பறக்கும் தொலைவை அளந்தாரல்லர். குடமேந்திய பெண்டிர் நடக்கும் தொலைவை அளந்தார். அந்நூலுக்குத் தம் கைப்பொருள் 200 பவுனுக்கு மேற் செலவிட்டார். திரும்பி வந்தது அத்தனை ஷில்லிங்கும் இல்லை என்பர்.

அரசாங்கச் சுகாதார சபை அமைத்த அறிஞர் குழு அவர் கொள்கையை ஏற்க ஏதுவில்லை என்று தள்ளிற்று. அவ்வாண்டே பார்லிமெண்டுக் குழுவின்முன், தீநாற்றம் வீசும் தொழில்களால் கொள்ளைநோய் பிறவாது என்று சாட்சி சொன்னார். லான்ஸெட் என்னும் புகழ்பெற்ற மருத்துவப் பத்திரிகை அதற்காக அவரை எள்ளி நகையாடிற்று. அவரோ வாதப்போரில் இறங்காமல், குளோரபாரத்தைப் பற்றிய நூலை எழுதிக்கொண்டிருந்தார். 1858-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் நாள் எழுதுகையிலேயே மூளையின் குருதிக்குழாய் நோயால் வீழ்ந்து, 16-ஆம் நாள் உயிர்நீத்தார். வயது 45. மணம் புரிந்திலர். லான்ஸெட் பத்திரிகை வெளியிட்ட சில வரிச் சாவுக்குறிப்பில் வாந்திபேதி என்ற சொல்லே இல்லை.

அக்கோடையில் தேம்ஸ் ஆற்றின் நாற்றம் பார்லிமெண்டு மண்டபத்தினுள்ளும் புகுந்து உறுப்பினரை வாட்டவே, நகரக் கழிவை ஆற்றில் விடாது கீழ்த்திசைக்குக் கொண்டுசெல்லும் பெருஞ்சாக்கடைகளை அமைக்கத் துணிந்தனர். காற்றே நஞ்சென்று அஞ்சிச் செய்த வேலை நீரைத் தூய்மையாக்கிற்று! 1866-இல் அச்சாக்கடை இன்னும் முற்றுப்பெறாத கீழ் லண்டனில் மட்டும் வாந்திபேதி பேரழிவு செய்தபோது, முன்பு ஐயுற்றிருந்த வில்லியம் ஃபாரே அதனை ஒரு நீர்க்கம்பெனியின் குளத்தளவும் தொடர்ந்து சென்று கண்டுபிடித்தார். ஒயிட்ஹெட்டும் அவ்வாராய்ச்சியில் உதவினார். கிருமியை இத்தாலி நாட்டுப் பாச்சினி என்பவர் 1854-இலேயே நுண்ணாடியிற் கண்டிருந்தும் உலகம் பொருட்படுத்தவில்லை. ஜெர்மானியராகிய ராபர்ட் கோக் நம் கல்கத்தாவிற்கு வந்து, 1884-இல் நோயாளர் குடலிலும் குளத்து நீரிலும் அதனைக் காட்டிய பின்னரே பலரும் மெல்ல மனம் மாறினர்.

இன்று அத்தெருவில் கைப்பிடியற்ற பம்பு ஒன்று நினைவுச்சின்னமாக நிற்கிறது. அதன் அருகே அவர் பெயராலேயே ஒரு மதுக்கடையும் நடைபெறுகிறது. மதுவை விலக்கியவர்க்கு இப்படியும் ஒரு மரியாதை! ஒயிட்ஹெட் பாதிரியார் பின்னர் லண்டனை விட்டு வட இங்கிலாந்துத் திருச்சபைகளிற் பணிபுரிந்து 1896-இற் காலமானார். அந்நாள்வரை அவர் தம் படிப்பறையில் ஜான் ஸ்நோவின் படத்தை மாட்டிவைத்திருந்தார்.